25 சென்ட் தோட்டம் வாங்கலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

இந்த இரண்டு மாதத்தில் பழைய மாணவர்கள் மூன்று பேர் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் பெங்களூரில் சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறார். ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில். இன்னொருவர் இங்கேயே வங்கியில். "சார், அறச்சலூர் பக்கம் வாய்க்கால் பாசனத்துல 25 சென்ட் தோட்டம் வருதுங்க. வாங்கிப் போடலாங்களா?"

மூவருக்கும் "வேண்டாம் கண்ணு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். வங்கிக்காரர் மட்டும் விடவில்லை. "ஸ்டெப் எழுதாம வெறும் விடைய மட்டும் எழுதுனா மார்க்கக் குறைப்பீங்களே சார். இப்ப நீங்களே வெறும் விடையச் சொல்றீங்க" என்றார். நியாயம்தான். ஆகவே ஒவ்வொரு ஸ்டெப்பாக எழுதுகிறேன்.

எழுத இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் அப்பாரு காலத்துத் தோட்டம் 4 ஏக்கர் இன்னும் கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. நான், தம்பி, தங்கச்சி என்று மூன்று பங்கு. போன மாதம் ஒரு புரோக்கர் வந்து மொத்தமாகக் கேட்டிருக்கிறார். சொன்ன விலை நாங்கள் யாரும் கனவிலும் பார்க்காத விலை. தை பிறந்ததும் உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம். வீட்டு விஷயத்தை ஊரறிய எழுதலாமா என்று யோசித்தேன். இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். தம்பி, "எழுதுங்கண்ணா, எல்லார் வீட்லயும் இதே பேச்சுதானே" என்றான்.

முதலில் கணக்கு. ஒரு ஏக்கர் 100 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. எங்கள் 4 ஏக்கரில் தடத்துக்கு 50 சென்ட் போனதாக வைத்துக்கொள்வோம். மீதி 350 சென்ட். 25 சென்டாகப் பிரித்தால் 14 துண்டு. இந்த வகுத்தலை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும்.

அடுத்ததுதான் பாடப்புத்தகத்தில் இல்லாத கணக்கு. இன்று அந்த 4 ஏக்கருக்கு ஒரு கிணறு. நாளைக்கு 14 பேர், 14 போர்வெல். இன்று ஒரு வேலி. நாளைக்கு 14 காம்பவுண்டு. இன்று வாய்க்காலில் ஒரு மடை திறந்தால் தண்ணீர் வயலுக்கு வயல் பாய்ந்து முடிந்துவிடும். நாளைக்கு அந்த 14 பேரில் எத்தனை பேர் மடை திறக்க வருவார்கள்? ஒருவர் பெங்களூர், ஒருவர் துபாய், ஒருவர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து மாங்கன்றைப் பார்த்துவிட்டுப் போகிறவர். அவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் யாருக்கும் அந்தத் தண்ணீர் தேவையில்லை.

இது ஏன் பெரிய விஷயம் என்று வெளியூரில் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பவானிசாகர் அணை 1955-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் நீளம். ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். அத்தனைக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட முடியாது. அதனால் ஒற்றைப்படை மதகுகள் ஒரு முறை, இரட்டைப்படை மதகுகள் ஒரு முறை என்று பிரித்து, 1,03,500 ஏக்கர் வீதம் மாற்றி மாற்றி விடுகிறார்கள். ஒரு முறை நெல். மறுமுறை கடலை, எள் போன்ற புஞ்சைப் பயிர். மதகிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து கொப்பு வாய்க்கால், அதிலிருந்து மடை. கடைசியில் இருப்பவனுக்குத் தண்ணீர் போய்ச் சேரவேண்டுமானால் நடுவில் இருக்கிற ஒவ்வொருவரும் வாய்க்காலைத் தூர்வாரி, உடைப்பை அடைத்து, முறையை மதிக்கவேண்டும். அதிகாரி வந்து கண்காணித்தா இத்தனை வருடம் இது நடந்தது? அடுத்த போகத்துக்கு நமக்கும் தண்ணீர் வேண்டும் என்ற எண்ணத்தால் நடந்தது.

நடுவில் ஒரு 4 ஏக்கர் 14 துண்டானால் கொப்பு வாய்க்கால் முதலில் ஒரு குழாயாகும். பிறகு அடைபடும். அதற்குக் கீழே இருக்கும் இரண்டு மூன்று குடும்பம் இரண்டு போகம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர்களும் அதே புரோக்கரைக் கூப்பிடுவார்கள். மஞ்சள் வேகவைக்கும் புகைக்கும், சாணக் குப்பை நாற்றத்துக்கும் புதிதாக வந்தவர்கள் புகார் சொல்வதும் நடக்கிறது. ஒரு தோட்டம் துண்டானால் போவது அந்தத் தோட்டம் மட்டும் என்று நினைப்பதுதான் நம் முதல் தப்பு. ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தோம். மஞ்சள் வளரப் பூமி வேண்டும் என்பதை மட்டும் யாரும் பேசவில்லை.

"அப்ப எப்படிங்க சார் சட்டம் இதை விடுது?" என்பது அடுத்த கேள்வி.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்றது. அடிப்படையான கவலை, விளைநிலங்கள் கண்டபடி மனைகளாவதுதான். பதிவுச் சட்டத்தில் 22-ஏ பிரிவு அதே வருடம் அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. ஊரே ஸ்தம்பித்தது. மகள் கல்யாணத்துக்கு மனையை விற்க நினைத்தவர்களெல்லாம் பதிவு அலுவலக வாசலில் நின்றது நினைவிருக்கும். 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் வந்த மனைகளுக்குப் பணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம் என்றார்கள். அவகாசம் பல தடவை நீட்டிக்கப்பட்டது.

அந்த உத்தரவால் நன்மை இல்லாமல் இல்லை. இன்று சைட் போடுகிறவர் ரோட்டுக்கு இடம் விட்டு, பெரிய மனைப்பிரிவு என்றால் பூங்காவுக்கு 10 சதவீதம் ஒதுக்கி, ஒப்புதல் வாங்கவேண்டியிருக்கிறது. ஆனால் கவனியுங்கள். அந்த ஒப்புதல் கேட்கும் முக்கியமான கேள்வி, 'இந்த இடம் வீடு கட்டி வாழத் தகுந்த மாதிரி பிரிக்கப்பட்டிருக்கிறதா?' என்பது. 'இந்த இடம் தோட்டமாக இருப்பதை நிறுத்தலாமா?' என்பது வேறு கேள்வி. நில உபயோக மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும்போது அதையும் கேட்கிறார்கள்தான். ஆனால் சர்வே நம்பர் சர்வே நம்பராகத் தனித்தனியே கேட்கிறார்கள். தனித்தனியே பார்த்தால் எந்த 4 ஏக்கரும் முக்கியமாகத் தெரியாது.

அந்த ஒப்புதலும் இல்லாமல் விற்க ஒரு வழி வேண்டும். அதுதான் 'பண்ணை நிலம்'. வீட்டுமனை என்று சொல்லாமல், விவசாய பூமி என்றே பத்திரம் போட்டு, 25 சென்ட், 20 சென்ட் என்று கொடுப்பது. நம் மாநிலத்தில் விவசாய பூமிக்கு உச்சவரம்புச் சட்டம் 1961-ல் வந்தது. 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றிருந்ததை 1970-ல் 15 ஆக்கினார்கள். இதற்கு மேல் வைத்துக்கொள்ளக்கூடாது என்று சொல்லச் சட்டம் இருக்கிறது. இதற்குக் கீழே துண்டாக்கி விற்காதே என்று சொல்லத் தனிச்சட்டம் இல்லை.

வாங்குகிற மாணவர்களுக்கு இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பத்திரத்தில் விவசாய பூமி என்று இருப்பதை வாங்கிவிட்டு, நாளைக்கு அதில் வீடு கட்ட அனுமதி கேட்டு அலையும்போது, விற்றவர் போனை எடுக்கமாட்டார். வரன்முறை என்று மறுபடி ஒன்று வரும் என்று நம்பிப் பணம் போடாதீர்கள்.

கீழ்வரம்பு வைத்த இடங்கள் உண்டா? உண்டு. பழைய பம்பாய் மாகாணத்தில் 1947-லேயே நிலத் துண்டாக்கத் தடைச் சட்டம் வந்தது. இன்றைய மகாராஷ்டிரத்தில் இருப்பதும் அதன் தொடர்ச்சிதான். இன்ன அளவுக்குக் கீழே இருந்தால் அது 'துண்டு' என்றார்கள். துண்டை விற்றால் பக்கத்துப் பூமிக்காரருக்குத்தான் விற்கவேண்டும் என்றும் வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த விதி இது. துண்டு பக்கத்துத் தோட்டத்தோடு சேர்ந்துவிடும்.

ஆனால் என்ன நடந்தது? புனே போன்ற ஊர்களைச் சுற்றி, வீடு இல்லாத ஏழைகள் ஒரு குண்டா, இரண்டு குண்டா என்று வாங்கினார்கள். குண்டா என்பது ஏக்கரில் 40-ல் ஒரு பங்கு. நம் கணக்கில் இரண்டரை சென்ட். முறையான பதிவு நடக்காது என்று தெரிந்தும், முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு வாங்கினார்கள். கடைசியில் 2001-ல் அதை வரன்முறை செய்யவே ஒரு சட்டம் போடவேண்டியதாயிற்று. நாம் 2017-ல் போய் நின்ற அதே இடம். ஆகவே தடையால் மட்டும் காரியம் ஆகாது. வீடு வேண்டும் என்கிறவனுக்கு வேறு எங்கே இடம் என்பதற்கும் பதில் இருக்கவேண்டும்.

அந்தப் பதிலையும் சேர்த்து யோசித்த இடம் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம். நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர் அந்தப் பக்கமே வேலையில் இருக்கிறார்கள். 1973-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு நகரமும் தன்னைச் சுற்றி ஒரு கோடு போடவேண்டும். கோட்டுக்குள்ளே அடுத்த 20 வருடத்துக்குத் தேவையான வீட்டுக்கு இடம் காட்டவேண்டும். கோட்டுக்கு வெளியே விவசாயம். 1993-ல் விவசாய பூமியைப் பிரிக்கக் குறைந்த அளவு 80 ஏக்கர் என்று பொதுவாக வைத்தார்கள். நமக்கு அது ஒரு ஊருக்கே சமம். அந்த எண்ணை நாம் எடுத்துக்கொள்ள முடியாது. அதற்குப் பின்னால் இருக்கும் இன்னொரு விதியைப் பாருங்கள். நல்ல விளைச்சல் பூமியில் புது வீடு கட்டவேண்டுமானால், அந்தப் பூமியில் விவசாயம் செய்து வருடத்துக்கு 80,000 டாலர் வருமானம் வந்ததைக் காட்டு என்றார்கள். பூமி எவ்வளவு பெரிது என்பதோடு, உழுகிறவன்தான் அங்கே குடியிருக்கப் போகிறானா என்றும் கேட்டார்கள். பெரிய அளவு மட்டும் வைத்தால் பணக்காரர் பெரிய பூமி வாங்கிப் புல்வெளியும் பங்களாவும் போட்டுக்கொள்வார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. நம்மில் பலர் ஊருக்குள் வீடு வைத்து வாழ்ந்தவர்கள் அல்ல. தோட்டத்திலேயே சாளை போட்டு, கட்டுத்தரையும் களமுமாக இருந்தவர்கள். தோட்டத்துக்குள் வீடு இருப்பதில் தப்பில்லை. அந்த வீட்டில் இருப்பவர் விடிகாலையில் எழுந்து மாட்டுக்குத் தட்டுப் போடுகிறாரா, அல்லது வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயமுத்தூரிலிருந்து காரில் வந்து இறங்குகிறாரா என்பதுதான் வித்தியாசம்.

இனி எதிர்க்கட்சி வாதங்கள். எங்கள் வீட்டிலேயே எல்லாம் இருக்கின்றன.

தம்பி சொல்வது: "எழுபது வருசம் அப்பாரும் அப்பாவும் பாடுபட்டாங்க. நானும் முப்பது வருசம் பாடுபட்டேன். மஞ்சள் வெல ஒரு வருசம் ஏறுது, மூணு வருசம் எறங்குது. ஆளு கெடைக்கறதில்ல. இப்ப நல்ல வெல வரும்போது மட்டும் 'பூமியக் காப்பாத்து'ன்னு டவுன்ல பென்சன் வாங்கறவங்க சொல்றீங்க." இதற்கு என்னிடம் எளிதான பதில் இல்லை. தோட்டத்தில் தனியாக இருக்கும் வயதானவர்களைக் கொன்று கொள்ளையடித்த செய்திகள் வந்த பிறகு, தம்பி மனைவி ராத்திரியில் தூங்குவதே இல்லை என்கிறார். ஊருக்கெல்லாம் சோறும் நிலத்தடி நீரும் வேண்டும் என்பதற்காக ஒருவர் மட்டும் விலையை விட்டுக்கொடு என்பது நியாயம் ஆகாது. விற்கும் உரிமையைக் குறைத்தால் அதற்கு ஈடு கொடுக்கவேண்டும். மனையாக மாற்றும்போது அரசு வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்காவது அதே மதகின் வாய்க்காலுக்கும், அங்கே தொடர்ந்து வெள்ளாமை செய்கிறவனுக்கும் திரும்பி வரட்டும்.

தங்கச்சி சொல்வது: "துண்டு பண்ணக்கூடாதுன்னு சட்டம் வந்தா, முதல்ல அடிபடறது பொண்ணுக பங்குதானுங்ணா." இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. நம் மாநிலத்தில் 1989-லேயே பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது. இருந்தும் எத்தனை வீட்டில் ஐந்து பவுனைப் போட்டு விடுதலைப் பத்திரம் வாங்கியிருக்கிறோம் என்று நமக்கே தெரியும். 'பூமி துண்டாகக்கூடாது' என்ற நல்ல வார்த்தையை அதே காரியத்துக்குப் பயன்படுத்த நம் ஆட்களுக்கு ஒரு நாள் போதும். ஆகவே கீழ்வரம்பு வைத்தால் அது விற்பனைக்குத்தான், வாரிசுப் பங்குக்கு அல்ல. பூமியைப் பிரிக்க வேண்டாம் என்று உடன்பிறந்தவர்கள் முடிவு செய்தால், பெண் பங்குக்கு இன்றைய சந்தை விலை கொடுக்கவேண்டும். அண்ணன் தம்பி சொல்லும் விலை ஆகாது.

மூன்றாவது வாதம் என் மாணவர்களுடையது. "நீங்க மட்டும் சைட் வாங்கி வீடு கட்டலிங்களா சார்?" கட்டினேன். 1987-ல் பெருந்துறை ரோட்டுப் பக்கம் 4 சென்ட் வாங்கினேன். பி.எப். லோன் போட்டு, சக ஆசிரியர்களோடு சேர்ந்து வாங்கியது. அன்று அது கடலைக்காடு. நாங்கள் அஸ்திவாரம் தோண்டும்போது பக்கத்தில் ஒருவர் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்தில் அவரும் விற்றுவிட்டார். அவர் ஏன் விற்றார் என்று அன்று நான் யோசிக்கவில்லை. ஆகவே யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் 4 சென்டில் குடியிருக்க வீடு கட்டுவதும், குடியிருக்காமல் 25 சென்டைப் பூட்டி வைப்பதும் ஒன்றல்ல. குடும்பத்துக்கு 4 சென்ட் என்றால் அந்த 350 சென்டில் 87 குடும்பம் வாழும். பண்ணை நிலமாகப் போட்டால் 14 பேர் வாழாமல் வைத்திருப்பார்கள்.

சரி, என்னதான் செய்யலாம்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

வாய்க்கால் பாசனப் பூமியை விற்கும்போது ஒரு ஏக்கருக்குக் கீழே துண்டாக்கக்கூடாது. அதற்குக் குறைந்ததை விற்கவேண்டி வந்தால் ஒட்டியிருக்கும் தோட்டக்காரருக்கு விற்கலாம். மானாவாரிக் காட்டுக்கு வேறு அளவு வைக்கலாம். ஏன் ஐந்து ஏக்கர் என்று சொல்லவில்லை? 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரிப் பூமி 0.75 ஹெக்டேர். அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. ஐந்து என்று வைத்தால் விவசாயி வாங்கமுடியாது. கார்க்காரர்தான் வாங்குவார்.

மதகு வாரியாக, சர்வே நம்பர் வாரியாக ஆயக்கட்டுப் பட்டியல் இருக்கிறது. நில உபயோக மாற்றம் கேட்டு வரும் ஒவ்வொரு மனுவையும் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, அந்த மதகின் பாசன சங்கத்தைக் கேட்காமல் முடிவு செய்யக்கூடாது. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி உருவான நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு இதைவிட உருப்படியான வேலை என்ன இருக்கிறது?

வீட்டுக்கு இடம் ஈரோட்டுக்குள்ளேயே இருக்கிறது. திண்டல் பக்கம் நான் நடைப்பயிற்சி போகும் வழியில் மட்டும் எத்தனையோ மனைகள் வருடக்கணக்கில் சீமைக்கருவேலம் முளைத்துக் கிடக்கின்றன. காலி மனை வரியைப் பெயரளவுக்கு வாங்காமல், வைத்திருப்பவர்களுக்கு உறைக்கிற மாதிரி வாங்கினால், அந்த மனைகள் வீடு கட்டுகிறவர் கைக்கு வரும். அது வராமல் வாய்க்கால் பூமியை மட்டும் காப்பாற்ற முடியாது. குண்டா கதைதான் நடக்கும்.

இது எதுவும் தைக்குள் சட்டமாகப் போவதில்லை. எனக்குத் தெரியும். எங்கள் 4 ஏக்கருக்கு என்ன என்பதுதான் எனக்கு முன்னால் இருக்கும் கேள்வி. நான் வீட்டில் சொல்லப்போவது இதுதான். தங்கச்சி பங்கு பூமியாகவே அவள் பெயரில் ஆகட்டும். அவளுக்குப் பணம்தான் வேண்டும் என்றால், புரோக்கர் சொன்ன விலையிலேயே என் பென்சன் சேமிப்பிலிருந்து எவ்வளவு முடியுமோ அவ்வளவு பாகத்தை நான் வாங்கிக்கொள்கிறேன். முழுவதும் என்னால் முடியாது. மீதிக்கு ஒட்டியிருக்கும் தோட்டக்காரரைக் கேட்போம். கொஞ்சம் குறைத்துத்தான் தருவார். அந்தக் குறைவை மூன்று பேரும் பங்கிட்டுக்கொள்வோம். தம்பி இனிமேல் முடியாது என்றால் குத்தகைக்கு விடுவோம். தம்பி ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்படியானால் விற்பதுதான் நடக்கும். அதற்காக அவனோடு பேச்சுவார்த்தையை நிறுத்தமாட்டேன்.

வங்கியில் இருக்கும் தம்பிக்கு: ஸ்டெப் எல்லாம் எழுதிவிட்டேன். எங்காவது தப்பு இருந்தால் சிவப்பு மையில் சுழியுங்கள். மாணவர்களில் பத்திர எழுத்தர்கள், சர்வேயர்கள், சைட் போடுகிறவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் பக்கத்து நியாயத்தையும் கீழே எழுதுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, கணக்கோடு திட்டுங்கள்.

— உங்கள் கணக்கு வாத்தியார்